லேத்தில் கடைந்த புஷ்ஷும் ‘தட்’டென்று அடிக்கும் வண்டியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாருதி ஸ்விஃப்டை எப்போதாவது கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஓட்டுவேன். முன் சக்கரங்களை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம்களில், மூட்டில் மெத்தையாக இருந்த ரப்பர் புஷ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்த நைலான் புஷ் போட்டிருக்கிறேன். ஸ்டீயரிங் கச்சிதமாகிவிட்டது. ஆனால் ஊருக்குள் ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு விளிம்பிலும் ‘தட்’டென்று காலடியில் அடி விழுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், கோவை

பதில்: ஆகாது. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். ஷாக் அடக்குவது சக்கரத்தின் மேல்-கீழ் ஆட்டத்தை. கூரான விளிம்பில் மோதும் டயர் மேலே எழும்புவதோடு, பின்னாலும் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வதற்காகவே லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை மெத்தென்று செய்கிறார்கள். பல கார்களில் அதன் ரப்பருக்குள் பிறை வடிவ இடைவெளி இருக்கும். கிழிசல் என்று நினைத்து அதை அடைத்துவிடுகிறவர்களும் உண்டு. அது வேண்டுமென்றே விட்ட இடம். அங்கே நைலானைப் போட்டதும் சக்கரம் பின்வாங்க வழியில்லை. அடி நேராக சப்ஃப்ரேமுக்கும் (ஆர்மைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பாடிக்கும் போகிறது.

முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தாலும் இதே மாதிரிதான் அடிக்கும். மெதுவாகப் போகும்போது சின்ன விளிம்பில் ‘தட்’ என்றால் புஷ் அல்லது டயர். வேகத்தில் பெரிய மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் ஸ்பிரிங், ஷாக். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நைலானில் இன்னொரு சிக்கல் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். வெயிலில் சரியாகச் சுழன்ற புஷ், மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். பிறகு ஆர்ம் மேலும் கீழும் அசையத் திணறும், சஸ்பென்ஷனே கட்டிப் போட்டதுபோல ஆகும். கடைந்துதான் போடுவேன் என்றால் டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக் தேவலை. அது அந்த அளவுக்கு ஈரம் குடிக்காது.

எங்கள் யோசனை: லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷைக் கம்பெனி ரப்பருக்கே மாற்றுங்கள், அதே ஆர்மின் முன்பக்கத்தில் மட்டும் 80 முதல் 85 ஷோர் ஏ (ரப்பர் வகைகளின் கடினத்தைச் சொல்லும் அளவு) கடினத்தில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போடுங்கள். ஸ்டீயரிங் துல்லியத்தில் பெரும்பகுதி நிற்கும், அடி குறையும். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். ரப்பர் புஷ்ஷைச் சுத்தியால் அடிக்காமல் பிரஸ்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். பிறையின் திசையை சர்வீஸ் மேனுவலில் பார்த்து, ஆர்மில் கோடு போட்ட பிறகு ஏற்றட்டும். பாலியூரித்தேன் புஷ்ஷின் இரும்புக் குழாய், புஷ்ஷைவிட அரை மில்லிமீட்டர் நீண்டிருப்பது முக்கியம். குட்டையாக இருந்தால் போல்ட் புஷ்ஷையே நசுக்கும். அந்த முன்பக்க போல்டை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கிய பிறகு, பின்பக்க புஷ்ஷையும் சக்கரப் பக்கத்துப் பால் ஜாயின்ட்டையும் மாட்டும் முன் ஆர்மைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஒரே சீராக நகர வேண்டும். விட்ட இடத்தில் விறைத்து நின்றால் கழற்றிக் குழாயின் நீளத்தை அளங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். 500 கி.மீ. கழித்து போல்ட்டுகளை மறுபடி சோதியுங்கள். அந்தச் சமயத்தில் நைலான் ஓடிய பிராக்கெட்டுகளின் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்னச்சு புஷ்ஷையும் கடைந்து போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்விஃப்ட்டின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது பீம் முறுக்கும். அந்த புஷ் சுழல்வதோடு சாயவும் வேண்டும். சாயாத புஷ்ஷைப் போட்டால் பிராக்கெட் வெல்டிங்கில் பாரம் ஏறும். வளைவில் பின்பக்கம் சட்டென்று வழுக்கும்.

கேள்வி: பாலியூரித்தேன் புஷ் போட்ட ஆறு மாதத்தில், மழைக்குப் பிறகு ஸ்பீடு பிரேக்கரில் ‘கிறீச்’ என்கிறது. எண்ணெய் விட்டால் போகுமா?
– வாசகி, சேலம்

பதில்: இரண்டு நாளைக்குப் போகும், பிறகு மண்ணையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வரும். பக்கத்தில் உள்ள ரப்பர் உறையிலும் எண்ணெய் பட்டு அதை ஊற வைக்கும். ரப்பர் புஷ் குழாயோடு ஒட்டியே வருவது, தானே முறுக்கிக்கொள்ளும். பாலியூரித்தேன் அப்படியில்லை, குழாயின் மேல் வழுக்கி ஓடுகிறது; கிரீஸ் கழுவிப்போனால் கத்தும். கழற்றி, குழாயைத் துடைத்துப் பாருங்கள். துருப் புள்ளி இருந்தால் 400 நம்பர் எமரி பேப்பரை நனைத்துத் தேய்த்து, தண்ணீரில் கரையாத சிலிக்கான் கிரீஸை உள்துளையிலும் இரண்டு பக்க முகத்திலும் தாராளமாகப் பூசி மாட்டுங்கள். பலர் முகத்தில் பூச மறந்துவிடுகிறார்கள்; பாதிச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: கம்பெனி ரப்பர் புஷ்தான் போட்டேன். மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது. போலியா?
– வாசகர், மதுரை

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: கடைசி முறுக்கைச் சக்கரம் தொங்கும்போது கொடுத்தாரா? அப்படியென்றால் வண்டியை இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. புதிய புஷ் போடும்போது போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, நான்கு சக்கரமும் ரேம்ப்பில் ஊன்றியபடி வண்டியை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகு முழு டார்க் (கடைசி இறுக்கம்) கொடுக்கச் சொல்லுங்கள்.