ரோந்திலேயே இருக்கும் பட்டாளம் பெரிய போருக்குத் தாங்குமா?

தீவிரவாத ஒழிப்பிலேயே வருஷக்கணக்கில் இருக்கும் ராணுவத்துக்குப் பெரிய போருக்கான பழக்கம் விட்டுப்போகும் என்று நான் சொல்வதைப் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய சில கேள்விகளுக்குப் பதில்.

வருஷக்கணக்கில் காஷ்மீரில் சண்டை போடுகிற ராணுவத்துக்கு அனுபவம் கூடத்தானே செய்யும்? (ஜாலஹள்ளி)

கூடும். குண்டுக்கு நடுவே பத்து பேரை நடத்திய ஹவில்தாரும், சட்டென்று முடிவெடுக்கப் பழகிய இளம் கேப்டனும் பெரிய பலம். அடி விழுவது மேல்மட்டத்தில்: பீரங்கி, டாங்கி, காலாட்படை, விமானப்படை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்துகிற பழக்கம் பிரிகேட் (பல பட்டாலியன்கள் சேர்ந்தது), டிவிஷன் (பல பிரிகேடுகள் சேர்ந்தது) அளவில் விட்டுப்போகிறது. தேடுதல் வேட்டையில் ஜனங்கள் நடுவே எவ்வளவு குறைவாகச் சுடுகிறோமோ அவ்வளவு நல்லது, போரிலோ பீரங்கியால் எதிரியின் தலையைக் குனியவைத்த பிறகுதான் காலாட்படை மேலே ஏற வேண்டும்.

வேறு நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

இஸ்ரேல். 2000 முதல் மேற்குக் கரையிலும் காசாவிலும் சோதனைச் சாவடி, கைது வேட்டை என்றே இருந்த படை, 2006இல் லெபனானில் ஹிஸ்புல்லாவின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் முன்னால் தடுமாறியது. ரிசர்வ் படையினருக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதை அந்தப் போரை ஆராய இஸ்ரேல் அரசு அமைத்த வினோகிராட் விசாரணைக் குழுவே சொன்னது.

அப்படியென்றால் 1971இல் நாம் எப்படி ஜெயித்தோம்? (அல்சூர்)

நல்ல கேள்வி, எனக்கு இதுதான் முக்கியமும்கூட. தீவிரவாத ஒழிப்புக்காக நாகாலாந்திலிருந்த 8வது மலை டிவிஷனும் மிசோ மலைகளிலிருந்த 57வதும்தான் ஜெனரல் சகத் சிங்கின் 4வது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்தது) படையில் கிழக்கு பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், போரிட்டன, 57வதின் துருப்புகள் ஹெலிகாப்டரில் மேக்னா நதியையே தாண்டின. காரணம், மார்ச்சில் நெருக்கடி தொடங்கி டிசம்பர் 3 வரை தயாராக மாதங்கள் கிடைத்தன. 1999 கார்கில் போரில் அந்த அவகாசம் இல்லை. காஷ்மீர் பள்ளத்தாக்கில் தீவிரவாத ஒழிப்பில் இருந்த அதே 8வது டிவிஷன் அவசரமாகக் கார்கில் பக்கத்துத் திராஸுக்கு வந்தது. மே மாதத்தில் அங்கே தோலோலிங் மலை மீது நடந்த முதல் முயற்சிகள் தோற்று, போஃபர்ஸ் பீரங்கிகளைக் குவித்த பிறகு ஜூன் 13 அன்றுதான் மலை கைக்கு வந்தது. வீரத்தில் குறையே இல்லை, பையன்கள் உயிரைக் கொடுத்தார்கள், அதனால்தான் பயிற்சி நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் இருக்கிறதே, போதாதா?

பாதிப் பிரச்சினைக்குத்தான் அது போதும். 1990இல் தீவிரவாத ஒழிப்புக்கென்றே தொடங்கிய படை அது, மற்ற பட்டாலியன்களின் சுமையைக் குறைத்தது. ஆனால் ஆட்கள் வருவது பீரங்கிப்படை உட்பட மற்ற படைகளிலிருந்துதான். துப்பாக்கியோடு ரோந்து போய்த் திரும்புகிற பீரங்கிக்காரருக்கு முதல் வேலை மறுபடி பீரங்கிப் பயிற்சியாக இருக்க வேண்டும், அடுத்த ரோந்தாக அல்ல.

என் மகன் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருக்கிறான், அவனுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சாலையில் கண்ணிவெடி தேடுவது ஒரு வேலை, எதிரி சுடும்போது ராத்திரியில் பாலம் போடுவதும் கண்ணிவெடி வயலில் டாங்கிக்கு வழி திறப்பதும் வேறு வேலை. பின்னது பெரிய பயிற்சி மைதானத்தில், டாங்கிகளோடு சேர்ந்து பழகினால்தான் வரும்.