கருவி இல்லாமல் ஓடும் நிரல், கருவியோடு ஓட்டினால் விழுவது ஏன்?

வேலையைப் பல இழைகளுக்குப் பகிர்ந்து ஓட்ட உதவும் ஓப்பன்எம்பி கொண்டு எழுதிய உங்கள் நிரல் தனியே ஓடும்போது விடை தருகிறது, இழைகள் ஒரே தரவை ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் மாற்றும் தரவுப் போட்டியைக் கண்டுபிடிக்கும் கருவியான திரெட்சானிடைசரோடு தொகுத்தால் மட்டும் விழுந்துவிடுகிறது, பிழை நிரலிலா கருவியிலா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் அறையில் இரண்டு நாட்களை வீணாக்கியவன்.

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்று கணிக்கும் சிறிய நிரல். அதைத் திரெட்சானிடைசரோடு தொகுத்து, உபுண்டு 24.04 நிறுவிய மடிக்கணினியில் ஓட்டியதும், நினைவக அமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்ற பொருள்பட ஒரு வரியைக் காட்டிவிட்டு அது நின்றது. வழமைபோல, பிழை தேட உதவும் ஜிடிபிக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையுமின்றி ஓடியது. வெளியே விழுந்து உள்ளே ஓடுவதென்றால் இழைகளுக்கிடையிலான தரவுப் போட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, குற்றமற்ற வரிகளையெல்லாம் மாற்றி எழுதினேன். உண்மையில், நிரல் தொடங்கும் இடமான மெயின் செயற்கூற்றின் முதல் வரிகூட அப்போது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை.

திரெட்சானிடைசர், நிரலின் நினைவக அணுகல்களைக் குறித்து வைக்கும் தன் நிழல் நினைவகத்துக்கென முகவரி வெளியில் சில பகுதிகளை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலோ பாதுகாப்புக் கருதி நிரலின் பகுதிகளை எழுமாற்றான முகவரிகளில் வைக்கிறது; அந்த எழுமாற்றின் அளவு 28 பிட்டிலிருந்து 32 பிட்டாக உயர்த்தப்பட்டபோது, கருவியின் பழைய பதிப்புகளுக்கு அந்தப் பகுதிப் பிரிப்பு பொருந்தாமல் போயிற்று. ஜிடிபி இயல்பாகவே இந்த எழுமாற்றை நிறுத்திவிட்டுத்தான் நிரலை ஓட்டும் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. நிரலைச் செட்ஆர்ச் கட்டளை வழியாக, பெரிய ஆர் (-R) தெரிவோடு ஓட்டினால் அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் எழுமாற்று நிற்கும். கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) வழியாக எழுமாற்றை மீண்டும் 28 பிட்டாகக் குறைப்பது கணினி முழுவதன் பாதுகாப்பையும் தளர்த்தும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

மெயின் தொடங்கிய பின்னர், இணைப் பகுதிக்குள் நுழைந்ததும் விழுந்தால், செயற்கூறுகளின் உள் மாறிகள் இருக்கும் இழையின் அடுக்கு நினைவகத்தைச் (ஸ்டாக்) சந்தேகியுங்கள். கருவி சேர்க்கும் குறிமுறை அடுக்கையும் கூடுதலாகப் பயன்படுத்தும். செயற்கூற்றுக்குள் பெரிய அணியை அறிவித்திருந்தால் அதுவரை மட்டுமட்டாக இருந்த இடம் போதாமல் போகும். அடுக்கின் எல்லையை யூலிமிட் கட்டளையால் உயர்த்தியும் பலனில்லாதபோது, ஓப்பன்எம்பி இழைகளின் அடுக்கு அளவைக் குறிக்கும் ஓஎம்பி ஸ்டாக்சைஸ் (OMP_STACKSIZE) சூழல் மாறியை 64 மெகாபைட்டாக வைத்த பின்னரே என் நிரல் ஓடியது. அதன் பிறகுதான் உண்மையான பிழை, ஒவ்வோர் இழையின் கூட்டலையும் தனியே வைத்து இறுதியில் சேர்க்கச் சொல்லும் ரிடக்ஷனைக் குறிப்பிடாமல் எல்லா இழைகளும் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மாறி, வெளிப்பட்டது.

எந்தச் செய்தியும் இல்லாமல் கெர்னலே நிரலைக் கொன்றுவிட்டால் நினைவகம் தீர்ந்திருக்கலாம். இந்தக் கருவி 5 முதல் 10 மடங்கு நினைவகம் கேட்கும். கணிப்புக்காக நிலத்தைப் பிரிக்கும் கட்டவலையை 200க்கு 200 ஆகச் சுருக்கினாலும் தரவுப் போட்டி பெரும்பாலும் அகப்படும்.

நினைவகப் பிழைகளைத் தேடும் இன்னொரு கருவியான வால்கிரைண்டில் மட்டும் செல்லாத அறிவுறுத்தல் என்று வந்தால், தொகுக்கும் கட்டளையில், அந்தக் கணினியின் செயலிக்கென்றே குறிமுறை உண்டாக்கச் சொல்லும் மார்ச் நேட்டிவ் (-march=native) தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் பல எண்களைக் கணிக்கும் ஏவிஎக்ஸ்-512 அறிவுறுத்தல்கள் உள்ள செயலியில் அந்தத் தெரிவு உண்டாக்கும் அறிவுறுத்தல்களை வால்கிரைண்ட் அறியாது. தெரிவை நீக்கித் திரும்பத் தொகுத்தால் போதும்.