கேட்டோ மேனர் கோயில் படத்தின் தேதி பற்றி

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர் பகுதியிலுள்ள அம்பலவாணர் ஆலயத்தின் படத்துக்கு நூலகத் தளத்தில் ‘1903’ என்று போட்டிருக்கிறார்கள், ‘தேதி தப்பு’ என்று எழுதியும் பதில் வரவில்லை என்கிறீர்கள். தப்பு என்று மட்டும் சொன்னால் போதாது, ஆதாரம் கொடுங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இன்றைய கட்டடம் 1947இல் எழுந்தது. படத்தில் இருப்பது இந்தக் கட்டடம் என்றால் அது 1903இல் எடுத்ததாக இருக்க முடியாது. ஆனால் கவனம்: வாசல் கதவுகள் பழைய கோயிலிலிருந்து மீட்டவை. கதவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், முழுக் கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். அதே கோணத்தில் இன்று எடுத்த படத்தையும், தளத்திலுள்ள பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். எண் இல்லாவிட்டால் அத்தனை படங்களில் எதைத் தேடுவார்கள், பாவம்! அப்புறம், ‘1903’ என்ற பழைய குறிப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். படத்தின் பின்பக்கம் அந்தக் காலத்தில் யாராவது எழுதியதாக இருக்கலாம். பக்கத்தில் உங்கள் திருத்தத்தைச் சேர்த்தால் போதும் என்று கேளுங்கள்.