தம்பி கண்ணில் சுண்ணாம்பு: கருவிழி மாற்றினால் போதாதா?

கானாடுகாத்தான் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசும்போது தம்பியின் வலக்கண்ணில் தெறித்து, இப்போது கருவிழி வெளுத்துவிட்டது. தானக் கருவிழி வைக்க டாக்டர் ஏன் தயங்குகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் தயங்குவது சரிதான்.

கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளரும். அதை வளர்க்கும் ஸ்டெம் செல்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த விளிம்பைப் பொசுக்கிவிட்டால், வெள்ளைவிழியின் தோல் ரத்த நாளங்களோடு உள்ளே ஏறிவிடும். வழக்கமாக மாற்றி வைப்பது நடுவட்டம் மட்டும்தான், விளிம்பு அதில் வராது. நாற்றங்கால் அழிந்த வயல் மாதிரிதான். புதுக் கருவிழியும் மங்கிப்போகும்.

இடக்கண் நன்றாக இருப்பது பெரிய ஆறுதல். அதன் விளிம்பில் சுமார் 2 மி.மீ. துணுக்கு எடுத்து, பொடியாக நறுக்கி, அடிபட்ட கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் (வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டுவார்கள். அதிலிருக்கும் ஸ்டெம் செல்கள் மேல்தோலை மறுபடி வளர்க்கும். இதை 'ஸ்லெட்' என்பார்கள், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வான் குழு உருவாக்கி 2012-இல் வெளியிட்ட முறை. கருவிழி மாற்றுவது தேவைப்பட்டால் அப்புறம் பார்க்கலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில் காட்டி, இது தம்பிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்: சுண்ணாம்பு பட்டால் அந்த இடத்திலேயே, இமையைப் பிரித்து, அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.