சாவி வீட்டுக்கு எத்தனை பதிப்பு? 'லாக் அண்ட் கீ' வாங்குகிறவர்களுக்குச் சில பதில்கள்

'லாக் அண்ட் கீ' காமிக்ஸை எப்படி வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கொலையில் அப்பாவை இழந்த மூன்று பிள்ளைகள், அம்மாவோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் பூர்விக வீட்டுக்குக் குடிவருகிறார்கள். ஊரின் பெயர் லவ்கிராஃப்ட், கற்பனை ஊர். வீட்டின் பெயர் கீஹவுஸ். அங்கே கிடைக்கும் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மாயம் உண்டு. அந்தச் சாவிகளுக்காக எதையும் செய்யத் துணிந்த ஒன்று அதே வீட்டுக் கிணற்றில் காத்திருக்கிறது. எழுதியவர் ஜோ ஹில், வரைந்தவர் கேப்ரியல் ரோட்ரிகஸ், வெளியிட்டது ஐடிடபிள்யூ. 2008 முதல் 2013 வரை 37 இதழ்கள் வந்து கதை முடிந்தது.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நெட்ஃபிளிக்ஸில் தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகமும் வேண்டும் என்கிறான். பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரலாமா? (மதுரை)

பதில்: தராதீர்கள் அம்மா. தொடரைப் பார்த்த தைரியத்தில் புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, பிறகு தலையில் கை வைத்த பெற்றோர் உண்டு. மாயச் சாவி, பழைய வீடு, அண்ணன் தங்கை தம்பி என்று கதையைச் சொன்னால் சிறுவர் கதை மாதிரிதான் கேட்கும். நெட்ஃபிளிக்ஸ்காரர்களும் 2020 முதல் 2022 வரை வந்த மூன்று பருவங்களில் அதைப் பதின்ம வயதினருக்கு ஏற்றபடி நன்றாக மென்மையாக்கிவிட்டார்கள். ஊர்ப் பெயரைக்கூட மாத்தசன் என்று மாற்றினார்கள்.

புத்தகம் அப்படியில்லை. முதல் இதழிலேயே இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தின் விடுமுறை வீட்டுக்குள் புகுந்து அப்பாவைக் கொல்கிறார்கள். கோடாலியும் ரத்தமும் ஒளிவுமறைவில்லாமல் பக்கத்தில் இருக்கும். தாய்க்கு நேரும் பாலியல் வன்முறை நேரடியாகக் காட்டப்படாவிட்டாலும், என்ன நடந்தது என்பது பெரியவர்களுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு அவர் குடிக்கு அடிமையாகி, அந்தப் போதையில் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் விதம் பல இதழ்களுக்கு நீள்கிறது. என்னைக் கேட்டால் பேய் வரும் பக்கங்களைவிடச் சமையலறை மேசையில் பாட்டிலோடு அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் பக்கங்கள்தான் பயங்கரம். கெட்ட வார்த்தைக்கும் பஞ்சமில்லை.

பதினேழு வயதுக்குக் கீழே யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பதினாறில் இருக்கும் பிள்ளை பிடிவாதம் பிடித்தால் முதல் தொகுதியை நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள், ஒரு மாலைப் பொழுது போதும். ஆன்லைன் கடைகளின் 'காமிக்ஸ்' பிரிவில் இது சிறுவர் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அந்த வரிசையை நம்பி வாங்க வேண்டாம்.

கேள்வி: தனி இதழ், பேப்பர்பேக், மாஸ்டர் எடிஷன், காம்பெண்டியம் என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஒரே கதையா? எதை வாங்கினால் லாபம்? (கோவை)

பதில்: கதை ஒன்றுதான், அட்டையும் கட்டும்தான் வேறு. இது தெரியாமல் ஒரே கதையை இரண்டு வடிவத்தில் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

37 தனி இதழ்களையும் தொகுத்தால் மூலக் கதை ஆறு தொகுதிகள். வரிசைப்படி: 'வெல்கம் டு லவ்கிராஃப்ட்', 'ஹெட் கேம்ஸ்', 'கிரவுன் ஆஃப் ஷேடோஸ்', 'கீஸ் டு தி கிங்டம்', 'கிளாக்வொர்க்ஸ்', 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா'. பேப்பர்பேக்கில் ஆறும் தனித்தனியாகக் கிடைக்கும். மாஸ்டர் எடிஷன் என்பது இரண்டிரண்டு தொகுதிகளைச் சேர்த்துக் கெட்டி அட்டையில் பெரிய அளவில் போட்ட மூன்று புத்தகங்கள். ஆறையும் ஒரே புத்தகத்தில் அடைத்தது கீஹவுஸ் காம்பெண்டியம்.

முதல் தொகுதியைப் பேப்பர்பேக்கில் வாங்குங்கள். அதுவே ஓரளவு முழுமையான கதை. பிடிக்கவில்லை என்றால் நட்டம் ஒரு புத்தகத்தோடு போகும். பிடித்துவிட்டதா? அப்புறம் மாஸ்டர் எடிஷனுக்குப் போங்கள். முதல் தொகுதி மறுபடி வரும்தான். பேப்பர்பேக்கைத் தோழருக்குக் கொடுத்துவிடலாம், இல்லை விற்றுவிடலாம்.

பெரிய அளவுக்குக் கூடுதல் பணம் தருவதில் அர்த்தம் இருக்கிறது. ரோட்ரிகஸ் சிலி நாட்டுக்காரர், கட்டடக் கலை படித்தவர். அந்த வீட்டின் படிக்கட்டு, ஜன்னல், மரவேலை எல்லாம் நிஜமாகக் கட்டக்கூடிய வீடு போலவே வரைந்திருப்பார். இரண்டாம் தொகுதியில் தலைச் சாவி வரும். கழுத்துக்குப் பின்னால் அதைத் திருகினால் தலையின் மேல் பாகம் மூடி போலத் திறந்துகொள்ளும். கடைக்குட்டிப் பையனின் தலைக்குள் எட்டிப் பார்க்கும் படத்தில் அவன் நினைவுகளும் பயங்களும் குட்டிக் குட்டி உருவங்களாகத் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். அக்கா கின்ஸி தன் பயத்தையும் அழுகையையும் தலைக்குள்ளிருந்து பிடித்து வெளியே எடுத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவாள். இந்தப் பக்கங்களில் ஒவ்வொரு மூலையையும் நின்று பார்க்க வேண்டியிருக்கும். சின்ன அளவில் பாதி காணாமல் போய்விடும்.

காம்பெண்டியம் அலமாரிக்கு அழகு. ஆனால் படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் உள்ளவர் அதை நெஞ்சின் மேல் வைத்துச் சமாளிக்க முடியாது. அத்தனை தடிமனாகக் கட்டிய புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கும் நீளும் படங்கள் நடுவில் கொஞ்சம் விழுங்கப்படும். பணம் மிச்சமாகிறது என்றால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: 'தி கோல்டன் ஏஜ்' என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கலாமா? காலத்தால் முந்திய கதை என்கிறார்கள். (யாழ்ப்பாணம்)

பதில்: கூடாது. அது 2022-இல் வந்த தொகுப்பு. அதே வீட்டில் முன்பு வாழ்ந்த தலைமுறையின் கதைகள். முதல் உலகப் போர்க் காலமும் வரும், 'சேண்ட்மேன்' காமிக்ஸோடு இணைந்த ஒரு கதையும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு தொகுதியும் முடித்தவருக்கே அதன் ருசி தெரியும். சாவிகள் எப்படி வந்தன என்ற ரகசியம் ஐந்தாம் தொகுதியில் அவிழ்கிறது. அதை முன்கூட்டியே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மூன்று பருவமும் பார்த்தாயிற்று. இனிப் புத்தகம் தண்டச் செலவுதானே?

பதில்: இல்லை. பாத்திரங்களின் பெயரும் சாவிகளும்தான் பொது. கதை போகும் வழியும் யார் பிழைக்கிறார்கள் என்பதும் வேறு. எப்படி என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: விலை அதிகமாக இருப்பதால் கிண்டிலில் வாங்க நினைக்கிறேன். என்னிடம் கறுப்பு வெள்ளைக் கிண்டில் கருவியும் ஒரு போனும் இருக்கின்றன. (சென்னை)

பதில்: இரண்டுமே இதற்கு உதவாது. வண்ணக் கலைஞர் ஜே ஃபோட்டோஸ் தீட்டிய வண்ணம் போனால் இந்தத் தொடரில் கால்வாசி போய்விடும், கறுப்பு வெள்ளைத் திரையில் இரவுக் காட்சிகள் வெறும் சாம்பல் கலங்கலாகத் தெரியும். போனில் கட்டம் கட்டமாக நகர்த்திப் படிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன முழுப் பக்கப் படங்களை அது துண்டு போட்டுவிடும். பத்து அங்குல டேப்லெட் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், சலுகை நாட்களில் விலை கணிசமாக இறங்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மின்பதிப்புக்குப் பணம் கொடுத்தால் கிடைப்பது படிக்கும் உரிமைதான், புத்தகம் உங்கள் சொத்தாகாது. இரவல் கொடுக்க முடியாது, பழைய புத்தகக் கடையில் தள்ளவும் முடியாது. காமிக்ஸ் வாசகர்கள் நம்பியிருந்த காமிக்ஸாலஜியை அமேசான் 2014-இல் வாங்கியது, 2023 டிசம்பரில் அந்தச் செயலியையே மூடிக் கிண்டிலோடு சேர்த்துவிட்டது. வாங்கியவை கிண்டில் கணக்குக்குப் போய்விட்டன என்றாலும், அடுக்கி வைத்த அலமாரியை வேறொருவர் வந்து கலைத்துப் போட்டதாகப் பலர் புலம்பினார்கள்.

அச்சுப் பதிப்பின் விலை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி வந்தது. அதோடு டாலர் மதிப்பும் கப்பல் செலவும் சேரும். அதனால்தான் ஒரே புத்தகம் இரண்டு விற்பனையாளரிடம் இரண்டு விலையில் நிற்கிறது. அவசரமில்லை என்றால் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்துச் சில வாரம் பாருங்கள்.

கேள்வி: ஒரு ஆன்லைன் தளத்தில் கெட்டி அட்டைப் பதிப்பு வாங்கினேன். முதுகு பிளந்து, மூலை நசுங்கி வந்தது. வெளியூரில் இருந்ததால் பத்து நாள் கழித்துத்தான் பார்சலைப் பிரித்தேன். 'ஏழு நாள் முடிந்துவிட்டது' என்று கைவிரிக்கிறார்கள். (திருச்சி)

பதில்: உடனே விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி, குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஏழு நாள் என்பது அவர்கள் கொள்கை. அது சட்டத்தை மிஞ்சிவிடாது. ஆனால் பத்து நாள் தாமதம் உங்கள் பக்கத்துப் பலவீனம்தான், 'உங்கள் வீட்டில்தான் நசுங்கியது' என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது. பெட்டியே நசுங்கியிருந்தால் அதன் படம் உங்களுக்கு நல்ல சாட்சி.

வாடிக்கையாளர் சேவையில் சாட் செய்வதை நிறுத்திவிட்டு, அதே தளத்தில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பெயரும் மின்னஞ்சலும் போட்டிருப்பார்கள், அவருக்கு எழுதுங்கள். பில், பெட்டியின் படம், புத்தகத்தின் படம் மூன்றும் போதும். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் 1915-ஐத் தொட்டதுமே வழி பிறந்துவிடும்.

அடுத்த முறை பார்சல் வரும்போது வீட்டில் யாரையாவது பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: முதல் இதழின் 'முதல் அச்சு' என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: 2008-இல் வந்த அந்த இதழ் மறு அச்சுகளும் கண்டது. உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். படிப்பதற்காக என்றால் எந்த அச்சானாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஆங்கிலம் கடினமாக இருக்குமா? (தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் பேச்சு மொழி, சின்ன வாக்கியங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கொச்சை சில இடங்களில் தடுக்கும். ஐந்தாம் தொகுதியில் அமெரிக்கப் புரட்சிக் காலப் பேச்சு வருகிறது, அங்கே கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

கேள்வி: இதே மாதிரி, சின்ன ஊரில் நடக்கும் பெரியவர்களுக்கான திகில் தொடர்கள் வேறு எவற்றை வாங்கலாம்? பாதியில் நிற்காததாகச் சொல்லுங்கள். (சிங்கப்பூர்)

பதில்: கடைசி வரியில் கேட்டதுதான் சரியான கேள்வி. 'ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி' நினைவிருக்கிறதா? சின்ன வயதில் படித்த ஆர்ச்சியின் ரிவர்டேல் ஊரில் பிணங்கள் எழுந்து நடக்கும் கதை. 2013-இல் அமர்க்களமாக ஆரம்பித்து 10 இதழோடு அந்தரத்தில் நின்றுபோனது. அருமையான தொடர்தான், ஆனால் முடிவுக்காகக் காத்திருப்பவர் இன்னும் காத்திருக்கிறார்.

முடிந்தவற்றில் 'ஹாரோ கவுன்ட்டி' என் முதல் தேர்வு. டைலர் குரூக்கின் நீர்வண்ண ஓவியம், கிராமத்துச் சூனியக்காரி கதை, 32 இதழ். 'ரிவைவல்' விஸ்கான்சின் மாநிலத்தில் வாசா என்ற நிஜ ஊரில் நடக்கிறது. இறந்தவர்கள் ஒரு நாள் எழுந்து ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குப் போகிறார்கள். 47 இதழ் என்பதால் செலவு கூடும், நடுவில் கொஞ்சம் இழுக்கவும் செய்யும். 'கிடியன் ஃபால்ஸ்' 27 இதழ்தான். பக்க அமைப்புக்காகவே வாங்கலாம், சில பக்கங்களைப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும். அதனால் இதை மட்டும் அச்சில் வாங்குங்கள். மற்ற இரண்டும் டேப்லெட்டில் போதும்.