மலையில்லாத யாழ்ப்பாணத்தில் இயற்கைக் காட்சிப் படங்களை எப்படி அமைப்பது, எப்படி எடிட் செய்வது?

பண்ணையிலும் காரைநகரிலும் நேரில் பார்த்த அழகு படத்தில் வரவில்லை, வெறும் வானமும் ஒரு கோடும்தான் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கமராவின் குறை இல்லை. அனேகமான பாடங்கள் மலையும் அருவியும் உள்ள இடங்களை நினைத்துச் சொல்லப்பட்டவை. அகன்ற லென்ஸைப் போடு, எல்லாவற்றையும் உள்ளே கொண்டு வா என்பார்கள். குடாநாட்டில் நின்ற உயரத்தில் 16 அல்லது 24 மிமீயில் எடுத்தால் தூரத்துப் பனைகள் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கிவிடும்.

அதனால் எங்கள் நிலத்தில் முதலில் மாற்ற வேண்டியது கமராவின் உயரம். அகன்ற லென்ஸ்தான் வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே இறங்குங்கள். வற்றிய பரவைக்கடலின் (ஆழமற்ற களப்பின்) சேற்று வரிகள், தரவை வெளியில் தேங்கிய மாரி வெள்ளம், கட்டிவைத்த வள்ளத்தின் கயிறு, இதில் ஏதாவது ஒன்று படத்தின் கீழ்ப்பாதியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 70 முதல் 200 மிமீ வரையான லென்ஸை எடுங்கள். மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்டித் தடிகள், அதற்குப் பின்னால் ஒரு வள்ளம், அதற்கும் பின்னால் பனங்கூடல் என்று அடுக்கடுக்காக நெருங்கி வரும். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்கு நீள லென்ஸ்தான் முதல் லென்ஸ். உயரம் வேண்டுமென்றால் மணற்காட்டு மணல்மேடுகள் இருக்கின்றன, கோட்டையின் மதில் இருக்கிறது.

பனைகளைப் படமாக்கும்போது மரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள். இரண்டு வட்டுகள் (பனையின் ஓலைத் தலைகள்) ஒன்றோடொன்று ஒட்டினால் நிழலுருவில் அது கருப்புத் திட்டு. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பிரிந்துவிடும். வானத்துக்கு எவ்வளவு இடம் என்பதை விதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாரியில் முகில் திரண்டு நிற்கும்போது முக்கால்வாசிப் படத்தையும் வானத்துக்கே கொடுக்கலாம். கோடையில் வெளிறிய வெறும் வானம் என்றால் ஒரு கீற்று போதும்.

ஒளியின் திசையையும் முன்கூட்டியே யோசியுங்கள். காரைநகரின் கசூரினாக் கடற்கரை வடக்குப் பார்த்தது. ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே விலகி மறைவதால் கடல்பக்கமாக இறங்கும். டிசெம்பரில் அதே அளவு தெற்கே விலகித் தரைப்பக்கம் போய்விடும். ஒரே இடம், இரண்டு வேறு படங்கள். இன்னொன்று, எங்கள் அகலாங்கில் அந்தி சட்டென்று முடியும். சூரியன் மறைந்து 20 நிமிடம் சொச்சத்தில் நல்ல வெளிச்சம் போய்விடும். முக்காலியை அதற்கு முன்பே நட்டு, ஃபிரேமையும் தீர்மானித்துவிட வேண்டும்.

சரி, எடிட்டிங். றோவில் (RAW), அதாவது கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் றோவில் 16,384. ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருண்ட சேற்றைப் பிறகு தூக்கலாம், வெந்து வெள்ளையான வானத்தை மீட்க முடியாது.

லைட்றூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதல் வேலை லென்ஸின் வளைவைத் திருத்தி அடிவானத்தை நேராக்குவது. மலையுள்ள படத்தில் தெரியாத அரைப் பாகைச் சரிவு பரவைக்கடலில் உடனே கண்ணில் குத்தும். அடுத்தது வைட் பேலன்ஸ், படத்தின் மொத்த நிறச் சாயலைச் சரிசெய்வது.

அப்புறம் வருவதுதான் இங்கே பலருடைய படங்களைக் கெடுக்கிற இடம். வானத்தை இருட்டாக்க மேலிருந்து கீழே படிப்படியாகக் குறையும் ஒரு கிரேடியன்ட் இழுக்கிறோம். அடிவானத்துக்கு மேலே நிற்கும் பனையின் தலையும் அதோடு சேர்ந்து கறுத்துவிடும், அடிமரம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். வானத்தைத் தானாகத் தெரிவுசெய்யும் மாஸ்க்கும் ஓலை இடுக்குகளில் தடுமாறி, ஓரங்களில் வெள்ளை வளையம் விடலாம். கிரேடியன்ட்டை வெளிச்ச அளவால் கட்டுப்படுத்துங்கள். பிரகாசமான பகுதியில் மட்டும் வேலை செய்யட்டும், ஓலை தப்பிவிடும்.

நிறத்தில் சாட்டுரேஷனை (நிறச் செறிவை) கூட்டுவதற்குப் பதிலாக ஆரஞ்சின் ஒளிர்வை மட்டும் சற்றுக் குறைத்துப் பாருங்கள், நிறம் தானே ஆழமாகும். சேற்றின் சாம்பல் நீலத்தையும் விட்டுவையுங்கள். அந்தக் குளிர் நிறம் பக்கத்தில் இருப்பதால்தான் அந்திச் சிவப்புக்கு வலு. புகாரைக் குறைக்கும் டீஹேஸைக் கூட்டிக்கொண்டே போனால் நிறமும் இரைச்சலும் (புள்ளிப் புள்ளியான கரடுமுரடும்) ஏறும். நெடுந்தீவுப் பக்கம் கடல்மேல் நிற்கும் மென்புகாரைத் துடைத்தெடுத்தால் தூரமே படத்திலிருந்து போய்விடும். முடித்த படத்தை அடுத்த நாள் திறந்து பாருங்கள். அனேகமாக எல்லா ஸ்லைடரையும் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பீர்கள்.

போன் மட்டும் இருந்தால் பயனில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போதும். புரோ மோடில் றோ சேமிக்க முடிந்தால் அதைப் போடுங்கள். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். உப்புக்காற்றுப் படிந்த கண்ணாடியில் சூரியன் பட்டால் படம் முழுக்க மங்கும், எந்த எடிட்டிங்கிலும் அதைச் சரியாக எடுக்க முடியாது.