சர்வீஸுக்கு விட்ட காரைக் கெடுத்துவிட்டு, 'முன்னாடியே இப்படித்தான் இருந்தது' என்கிறார்கள். என்ன செய்வது?

'வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துச் சரிபண்ணித் தர்றோம்' என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். கொண்டு போகாதீர்கள். வேறொரு மெக்கானிக் பார்த்து, என்ன கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும்வரை கண்டிப்பாகக் கொண்டு போகாதீர்கள். கெடுத்தவர்களே திறந்து பார்த்துவிட்டால், எதனால் கெட்டது என்பதற்கான தடயம் அன்றோடு போய்விடும். அதன்பிறகு அவர்கள் சொல்வதுதான் கதை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுகிற சாதாரண சர்வீஸ். பணம் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்கிற சமாசாரமே இல்லை. எனக்கு அது தெரியும். உடனே ஓரங்கட்டி அணைத்தேன். ஆனால் அணைப்பதற்குள்ளேயே அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டுவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால், எஞ்சினுக்குக் கீழே புது ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கறுக்கக்கூட நேரமாகாத, தேன் நிறத்து ஆயில்.

சர்வீஸ் செய்த கடைக்குப் போன் போட்டேன். மறுமுனையில் வந்த பதில் இது: 'லைட் எரிஞ்சும் ஓட்டியிருப்பீங்க மேடம். பேரிங் ஏற்கெனவே தேஞ்சுதான் இருந்துச்சு, சொல்லணும்னு இருந்தோம். வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க.'

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கார் என் பெயரில், பில் என் பெயரில், ஓட்டுவது நான். பேரிங் தேய்ந்திருந்தது என்றால் வண்டியின் நிலையையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கிற ஜாப் கார்டில் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. 'எங்க வண்டியை அனுப்பி ஃப்ரீயா ஏத்திட்டு வந்துடறோம்' என்றார்கள். இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. வேண்டாமென்று சொல்லி, நானே பணம் கொடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவரிடம் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய கடைக்கு ஒரு மெயில் அனுப்பினேன், அதையே போனிலும் மெசேஜாகப் போட்டேன். இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றப்போகிறோம், உங்கள் ஆளை அனுப்புங்கள், வராவிட்டாலும் கழற்றுவோம் என்று. சூப்பர்வைசர் வந்தார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நின்றேன். வண்டியைத் தூக்கி ஃபில்டரைத் திருகி எடுத்தார் மெக்கானிக். ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருந்தது, புதியது, சரியாகவே இருந்தது. பிறகு டார்ச்சை எஞ்சின் பக்கம் மேலே காட்டினார். ஃபில்டர் உட்காரும் இடத்தில் இன்னொரு வளையம், சப்பையாகி, கெட்டிப்பட்டு, இரும்பின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து சூப்பர்வைசரின் உள்ளங்கையில் வைத்தார். பழைய ஃபில்டரின் வளையம்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது, சூட்டில் இறுகிய ரப்பர் சில சமயம் எஞ்சினோடேயே நின்றுவிடும். விரலால் தடவிப் பார்த்து, துணியால் துடைத்துவிட்டுப் புது ஃபில்டரை மாட்ட வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர் உட்காரும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், தாங்கும், கடை வாசலில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. வேகம் எடுத்து ஆயில் அழுத்தம் ஏறும்போது ஒரு வளையம் வழுக்கி வெளியே பிதுங்கும். பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சின்னக் காரில் இருப்பதே 3, 4 லிட்டர் ஆயில்தான், சில நிமிடங்களில் பெரும்பகுதி வெளியே போய்விடும். எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்கும் அதைத் தாங்குகிற பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது நடுவில் இருக்கிற ஆயில் படலத்தால். அது போனால் உலோகம் உலோகத்தை உரசும். ஆயில் சட்டியை இறக்கியபோது அடியில் மிச்சமிருந்த ஆயிலில் மினுமினுவென்று உலோகத் துகள்.

'லைட் எரிஞ்சும் ரொம்ப தூரம் ஓட்டியிருக்காங்க' என்பதை மட்டும் சூப்பர்வைசர் விடவில்லை. அவர்கள் பில்லில் போட்டிருந்த கிலோமீட்டரையும், வண்டியை ஏற்றியவர் ரசீதில் குறித்திருந்த கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவு தூரம் ஓட்டவே வழியில்லை. அதோடு பேச்சு நின்றது. எஞ்சின் வேலைக்கான முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள், வேலையை இரண்டாவது மெக்கானிக்தான் செய்தார். வண்டி ஏற்றிய செலவையும் நான் வேறு வண்டியில் அலைந்த செலவையும் கடைசிவரை தரவில்லை. அதற்காக வழக்குப் போடவில்லை. போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்கும் போய்க்கொண்டு அலைபவர்களின் நிலைமை அவர்களுக்குத் தெரியாது.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியவரும் மெக்கானிக்தான். அந்த வளையத்தை மறந்த பையன்மேல்கூட எனக்குக் கோபமில்லை, மறதி யாருக்கும் வரும். மறதியை மறைக்க என்மேல் பழி போட்டார்களே, கோபம் அதன்மேல்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது வரும் சில கார்களில் ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள், திரையில் பார்த்துக்கொள் என்கிறார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் பல கார்களில் போய், ஒரு விளக்கு மட்டும் நிற்கிறது. முள் ஏறுவதைப் பார்த்து முன்கூட்டியே நிறுத்தலாம். விளக்கு எரியும்போது சேதம் தொடங்கியிருக்கலாம். வண்டியின் சொந்தக்காரரே தன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றிரண்டையும் பிடுங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைக்காரர் வாயைப் பார்க்க வைக்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேதம் எஞ்சினில் இல்லாமல் பாடியில் என்றால், இன்றைக்கே, கழுவுவதற்கு முன்பே படம் எடுங்கள். ஆழமான புதுக் கீறலில் தகரம் பளிச்சென்று தெரியும், ஈரம் பட்டால் சீக்கிரமே துரு ஏறிவிடலாம், பிறகு பழைய கீறல் என்று சாதிப்பார்கள். கதவுக்குக் கீழே விளிம்புத் தகரம் மடங்கியிருந்தால் ஜாக்கியைத் தவறான இடத்தில் கொடுத்திருக்கலாம். எங்கே கொடுக்க வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்திலேயே படம் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சக்கர நட்டைக் கழற்றவே முடியவில்லை, போல்ட் முறிந்தது என்றால் காற்றழுத்தத்தால் நட்டைத் திருகும் ஏர் கன்னால் அளவில்லாமல் இறுக்கியிருக்கலாம். பல சின்னக் கார்களுக்கு இருக்க வேண்டிய இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் புத்தகத்தில் இருக்கும்.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். போனில் பேசியதை அன்றே மெசேஜாக எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள். என்ன சேதம், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் எழுதுங்கள், திட்டாதீர்கள். 'வண்டி உரிமையாளர் பொறுப்பில்' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். தங்கள் கவனக்குறைவால் வந்த சேதத்திலிருந்து அந்த ஒரு வரி அவர்களைப் பெரும்பாலும் தானாகவே காப்பாற்றிவிடாது, நுகர்வோர் வழக்குப் பார்க்கிற ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி இன்னும் அவர்களிடமே நிற்கிறது, பணம் கட்டினால்தான் விடுவோம் என்கிறார்கள் என்றால், வாசலில் சண்டை போட வேண்டாம். பல நாடுகளில் கூலி வாங்கும்வரை வண்டியை நிறுத்திவைக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. கட்டிவிடுங்கள். ஆனால் 'வேலை திருப்தி' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், அதில் 'சேதம் குறித்த புகார் நிலுவையில் உள்ளது, ஆட்சேபத்துடன் பணம் கட்டுகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே போடுங்கள். எழுதவிடவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல், அங்கே நின்றபடியே அதையே மெசேஜாக அனுப்பிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.